பட்டாளத்தைவிட்டு வரும் மருமகனுக்கு

கிளியூர்,
ஏற்காடு மலை.



உன் கடிதம் கிடைத்தது. சிக்னல் படையில் பதினாறு வருஷம் முடிந்துவிட்டதென்றும், இன்னும் ஒரு வருஷத்தில் டிஸ்சார்ஜ் வாங்கிக்கொண்டு ஊருக்கு வரப்போவதாகவும், கம்ப்யூட்டர் கம்பெனி ஏதேனும் ஒன்றில் சேரும் ஆசை இருந்தாலும், கல்லூரியிலிருந்து நேரே வரும் இருபத்திரண்டு வயதுப் பிள்ளைகளோடு முப்பத்தைந்து வயதில் போட்டியிட முடியுமா என்னும் சந்தேகம் தூக்கத்தைக் கெடுப்பதாகவும் எழுதியிருக்கிறாய். உன் தாயாரோ, சேலத்தில் ஒரு பாங்கியில் காவலர் வேலை கிடைத்தால் போதாதா, பென்ஷனும் வருமே என்று என்னிடம் இரண்டு மூன்று முறை சொல்லிவிட்டாள். பிள்ளை இனியாவது கண்ணெதிரே இருக்க வேண்டுமென்ற தாயின் ஆசையில் குறை சொல்ல என்ன இருக்கிறது? பாங்கி வாசலில் நிற்பதும் கௌரவமான உத்தியோகமே. ஆனால் இமயத்தின் பனியிலும் ராஜஸ்தானத்தின் மணலிலும் ஒரு படைப்பிரிவின் தகவல் தொடர்பு அறுந்துவிடாமல் இரவும் பகலும் காத்து நின்ற ஒருவன், அவ்வளவு பிரயாசைப்பட்டுக் கற்ற வித்தையைப் பயன்படுத்த வழி தேடிப் பார்க்காமலே விட்டுவிடுவதற்கு என் மனம் சம்மதிக்கவில்லை. ஆகையால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

நம் மலையிலேயே படித்த ஒருவருடைய சரித்திரத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். ஏற்காட்டுக்குப் போகும்போதெல்லாம் மான்ட்போர்ட் பள்ளியை நீ பார்த்திருக்கிறாய். 1944-ஆம் ஆண்டு பொள்ளாச்சியில் பிறந்து, அந்தப் பள்ளியில் கல்வி கற்று, பள்ளிப் பருவம் முடிந்த கையோடு தேசியப் பாதுகாப்புக் கழகத்தின் வழியாகக் கடற்படையில் சேர்ந்தவர் ஆரோக்கியசாமி பால்ராஜ். கடற்படை அவரை டெல்லி ஐ.ஐ.டி.க்குப் படிக்க அனுப்பியது. 1973-இல் முனைவர் பட்டம் பெற்றார். அதற்கிடையே 1971-ஆம் ஆண்டு யுத்தம் வந்தது. அந்த டிசம்பர் 9-ஆம் தேதி இரவு, டையூ கரைக்கு அப்பால், குக்ரி என்னும் நமது போர்க்கப்பல் பாகிஸ்தானிய நீர்மூழ்கியின் டார்பிடோவால் தாக்குண்டு, தன் காப்டனோடும் பெருந்தொகையான மாலுமிகளோடும் மூழ்கிப் போயிற்று. நீருக்கடியில் பகைவன் இருக்குமிடத்தை ஒலியலைகளைக் கொண்டு அறியும் சோனார் கருவி நமக்கு எவ்வளவு வலிமையாக வேண்டும் என்பதை அந்தத் துக்கம் எல்லோருக்கும் உணர்த்தியது. பிற்காலத்தில் கொச்சியிலுள்ள கடற்படை ஆய்வுக்கூடத்தில் பால்ராஜின் தலைமையில் உருவான ‘அப்ஸோ’ என்னும் சோனார், 1983-இல் நமது கப்பலில் ஏறிப் பணியைத் தொடங்கியது.

அந்தக் கருவியின் தத்துவத்தை நீ எளிதில் விளங்கிக்கொள்வாய். தண்ணீரில் வரும் ஓர் ஒலி, வரிசையாக வைக்கப்பட்ட பல உணர்விகளையும் ஒரே கணத்தில் எட்டுவதில்லை. ஒன்றுக்கு முந்தியும் மற்றொன்றுக்குப் பிந்தியும் எட்டுகிறது. அந்த நுண்ணிய காலபேதங்களைக் கணக்கிட்டால், ஒலி எந்தத் திசையிலிருந்து வந்தது என்பதையும், பல ஒலிகள் கலந்து வந்தால் அவற்றுள் எது எது என்பதையும் பிரித்தறியலாம். பால்ராஜ், பெங்களூரில் 1986-இல் தோன்றிய செயற்கை நுண்ணறிவு ஆய்வு மையத்தின் முதல் இயக்குநராகவும் இருந்து, 1991-இல் கமோடோர் பதவியில் முன்கூட்டியே ஓய்வு பெற்று, அமெரிக்காவிலுள்ள ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்துக்குச் சென்றார். அப்போது வயது நாற்பத்தேழு. உன்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர் என்பதைக் குறித்துக்கொள். தண்ணீரில் உணர்விகளுக்குப் பொருந்திய கணிதம் ஆகாயத்தில் ஆன்டெனாக்களுக்கும் பொருந்தும் அல்லவா? அனுப்புமிடத்திலும் பெறுமிடத்திலும் பல ஆன்டெனாக்களை வைத்தால், கட்டடங்களிலும் மரங்களிலும் மோதிச் சிதறி வரும் அலைகளையே துணையாகக் கொண்டு, ஒரே அலைவரிசையில் ஒரே சமயத்தில் பல தகவல் ஓடைகளைக் கலப்பின்றி அனுப்பலாம் என்னும் யோசனையை அவர் முன்வைத்தார். அதற்கு 1994-இல் காப்புரிமை கிடைத்தது. நடவாத காரியம் என்று தொழிலுலகம் சந்தேகித்தபோது, தாமே கம்பெனி தொடங்கி நடத்திக் காட்டினார். இன்று உன் சட்டைப்பையிலிருக்கும் 4ஜி தொலைபேசியும், வீடுகளில் ஓடும் வைஃபையும் அந்த ‘மைமோ’ முறையைக் கொண்டே இயங்குகின்றன. 2010-இல் பத்ம பூஷண் விருதும், 2014-இல் மார்க்கோனி பரிசும் அவரை வந்தடைந்தன.

இவ்வளவும் நான் எழுதுவது ஒரே ஒரு விஷயத்துக்காக. சோனார் கருவி கடற்படையின் சொத்து. அது கப்பலிலேயே இருந்தது. பால்ராஜோடு வெளியே வந்தது, கருவிக்குள் ஒளிந்திருந்த சாஸ்திரம். உன் விஷயத்திலும் அப்படித்தான். நீ இயக்கிய எந்தப் பெட்டியையும் எந்தக் கம்பெனியிலும் நீ காணப்போவதில்லை. நானும் சிக்னல் படையில் இருந்தபோது ஜபல்பூர் பயிற்சி மையத்தில் பழகிய வானொலிச் செட்டுகளைச் செய்வாரும் இன்று இல்லை, தொடுவாரும் இல்லை; எனினும், பகலில் எட்டாத அலைவரிசை இரவில் ஏன் எட்டுகிறது என்று அங்கே ஒரு உஸ்தாத் பொறுமையோடு விளக்கிய அயனிமண்டலப் பாடம் இன்றைக்கும் என்னோடு இருக்கிறது.

‘அவர் அதிகாரி, கடற்படையே படிக்க வைத்தது, நானோ ஹவில்தார்’ என்று நீ சொல்லக்கூடும். நியாயமான ஆட்சேபம்தான். அவருடைய உயரத்தை எட்டு என்று நான் சொல்லவரவில்லை. பட்டாளத்தில் நமக்குப் பாடம் வரிசைக்கிரமமாக வரும்: இந்தப் பொத்தானை அழுத்து, இந்தக் கட்டளையை எழுது, விளக்கு பச்சையானால் மேலிடத்துக்குச் சொல். யுத்தகாலத்தில் அந்த முறை அவசியமானது. களைத்த மனிதன்கூடத் தவறு செய்யாமலிருக்க அதுவே காப்பு. கம்பெனிக்காரனோ, விளக்கு ஏன் பச்சையாகவில்லை என்று உன்னைக் கேட்பான். ஆகவே எஞ்சியிருக்கும் இந்த ஒரு வருஷத்தில், நீ தினந்தோறும் ரூட்டரிலும் ஸ்விட்சிலும் எழுதும் ஒவ்வொரு கட்டளைக்கும் அடியில் என்ன நடக்கிறது என்பதைச் சிரத்தையுடன் கற்றுக்கொள். பழைய கம்ப்யூட்டர் ஒன்றை வாங்கி, லினக்ஸ் ஏற்றி, உன் சொந்த வலையமைப்பில் ஓடும் பாக்கெட்டுகளைப் பிடித்து ஒவ்வொன்றாகப் படித்துப் பார். ஐ.ஐ.டி.க்கள் சேர்ந்து 2003-லிருந்து நடத்தும் என்.பி.டி.இ.எல். பாடங்கள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. பைத்தான் என்னும் நிரல்மொழியும் கொஞ்சம் பழகிக்கொள்; திரும்பத் திரும்பச் செய்யும் வேலைகளைக் கம்ப்யூட்டரிடமே ஒப்படைக்க அது உதவும். ஒரே வேலையைக் கையால் நூறு முறை செய்கிறவனுக்கு வெளியுலகத்தில் மதிப்புக் குறைந்துவருகிறது.

பணியின் இறுதிக்காலத்தில், படைவீரர் மறுவாழ்வுக்கான மத்திய அரசு இயக்ககமாகிய டி.ஜி.ஆர். நடத்தும் மறுவாழ்வுப் பயிற்சிகளில் ஜவான்களுக்குக் கட்டணமில்லை. கூட்டாளிகள் எதை எழுதிக் கொடுக்கிறார்களோ அதையே நீயும் எழுதிக் கொடுத்துவிடாமல், வலையமைப்பு அல்லது சைபர் பாதுகாப்பு சம்பந்தமான பயிற்சியைப் பிடிவாதமாகக் கேள். மற்றொன்று: மெட்ரிக் தேறிப் 15 வருஷம் சேவை செய்தவரைப் பட்டதாரிக்குச் சமமாகக் கருதும் சலுகை, மத்திய அரசின் குரூப் சி பதவிகளுக்கு உதவும்; ஆனால் தனியார் கம்பெனியில் அதை ஏற்பார்கள் என்று நம்பியிராதே. ஆகவே இக்னோ திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் பி.சி.ஏ. படிப்புக்கு இப்போதே பதிவு செய்துகொள். சேலத்திலுள்ள முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில், வந்த வாரமே பெயரைப் பதிந்துவிட வேண்டும்.

உனக்கு எந்த இடம் பொருந்தும் என்று கேட்டிருந்தாய். மென்பொருள் எழுதுவதில் அந்த இளம்பிள்ளைகள் உன்னை முந்துவார்கள். அதை எண்ணி வருந்தாதே. அம்பத்தூரிலும் சிறுசேரியிலும் எழுந்திருக்கும் தரவு மையங்களிலும், பாங்கிகளின் வலையமைப்புக் கண்காணிப்பு அறைகளிலும், இரவு மூன்று மணிக்கு ஒரு தொடர்பு விழுந்தால் பதறாமல் காரணத்தைத் தேடி, நேரத்தோடு குறிப்பெழுதி, உரியவருக்கு உடனே அறிவிக்கும் மனிதர் தேவை. சைபர் தாக்குதல் ஏதும் நிகழ்ந்தால் அறிந்த 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டுமென்றும், கணினிப் பதிவேடுகளை 180 நாள் பாதுகாக்க வேண்டுமென்றும் மத்திய அரசின் சர்ட்-இன் அமைப்பு 2022-இல் ஆணை பிறப்பித்திருக்கிறது. டியூட்டிப் புத்தகம் எழுதியே பழகிய கை உன்னுடையது. இந்த ஒழுங்கைப் புதிதாகக் கற்க வேண்டியவர்கள் மற்றவர்கள்தாம். தமிழகத்தின் ஊராட்சிகளையெல்லாம் கண்ணாடியிழையால் இணைக்கும் அரசுத் திட்டம் ஒன்றும் நடக்கிறது. மலைச்சரிவில் கேபிள் இழுத்து, மழையில் அறுந்ததைத் தேடி ஒட்டும் வேலையின் அருமை, இந்தச் சேர்வராயன் மலையில் வாழும் எங்களுக்கு நன்றாகத் தெரியும். தாயார் அருகில் இருக்க வேண்டுமென்றால் அந்த வழியையும் யோசி. சேலம் ஜாகீர் அம்மாபாளையத்தில் எல்காட் தொழில்நுட்பப் பூங்கா இருப்பதையும் மறவாதே.

விண்ணப்பம் எழுதும்போது மிகுந்த ஜாக்கிரதை வேண்டும். எந்த யூனிட், எந்த எல்லை, எந்தக் கருவி, எந்த ரகசியக் குறியீட்டு முறை என்பதொன்றும் தாளில் வரக்கூடாது. 1923-ஆம் ஆண்டின் அரசு ரகசியச் சட்டம் ஓய்வு பெற்ற பின்னும் நம்மைப் பிணைக்கிறது. இன்டர்வியூவில் ஆர்வத்தோடு தோண்டிக் கேட்டால், ‘அதைச் சொல்ல எனக்கு அனுமதியில்லை’ என்று மரியாதையாகச் சொல். நல்ல கம்பெனி அந்தப் பதிலுக்காகவே உன்னை மதிக்கும். அதே சமயம், ஹவில்தார் என்று மட்டும் எழுதினால் அவர்களுக்கு ஒன்றும் விளங்காது. எத்தனை பேரை நடத்தினாய், எத்தனை பேர் உபயோகித்த வலையமைப்பைக் காத்தாய், பழுதானதை எவ்வளவு நேரத்தில் சீர்செய்தாய் என்று சாதாரண பாஷையில் எழுது.

அங்கே உன் மேலதிகாரி உன்னைவிடப் பத்து வயது இளையவராக இருந்து, பெயர் சொல்லி அழைப்பார். அது அவமரியாதை அல்ல, அவ்விடத்து வழக்கம். கூட்டத்தில் அவர் சொல்வது தவறென்று தோன்றினால், பட்டாளத்தைப்போல் ‘சரி ஐயா’ என்று வாயடைத்து நிற்காமல், காரணத்தோடு எடுத்துச் சொல். அதற்காகவும் சேர்த்துத்தான் சம்பளம் தருகிறார்கள்.

சம்பளம் என்றவுடன் ஒன்று நினைவுக்கு வருகிறது. ‘உங்களுக்குத்தான் பென்ஷன் வருகிறதே’ என்று சொல்லிக் குறைத்துக் கொடுக்கப் பார்ப்பார்கள். பென்ஷன், நீ ஏற்கெனவே செய்து முடித்த சேவைக்குத் தேசம் தருவது. புதிய உழைப்பின் கூலியில் அதைக் கழிப்பதற்கு எவருக்கும் நியாயமில்லை. கம்யூட்டேஷன் செய்து பென்ஷனில் பாதிவரை மொத்தமாக வாங்கலாம். வாங்கினால், அத்தனையையும் வீடு கட்டுவதிலோ ஊரார் சொல்லும் சீட்டிலோ போட்டுவிடாமல், ஒரு வருஷக் குடும்பச் செலவைத் தனியே ஒதுக்கி வை. அது கையிலிருந்தால் முதலில் வந்த வேலைக்கே தலையாட்டும்படியான நிர்ப்பந்தம் உனக்கு வராது.

இந்த மாதத்துக்குள் உன் விண்ணப்பத்தை ஒரு நகல் எழுதி எனக்கு அனுப்பு; வெளியே சொல்லக்கூடாதது ஏதும் அதில் தப்பித் தவறி வந்திருந்தால் அடித்துத் திருத்தி அனுப்புகிறேன். காவலர் வேலையைப் பற்றி உன் தாயாரிடம் நான் பேசிக்கொள்கிறேன். பி.சி.ஏ. பதிவுக்குக் கடைசித் தேதி என்றைக்கு என்பதை மட்டும் விசாரித்து, உடனே எழுது.

இப்படிக்கு,
ஆசீர்வாதங்களுடன்,
உன் மாமா.