நாலு சீட்டும் எங்க வீடும்

தோழிகளே, ஊராட்சித் தேர்தல்ல ஓட்டு ஒன்றல்ல, நாலு! வார்டு உறுப்பினர், தலைவர், ஒன்றியக் கவுன்சிலர், மாவட்டக் கவுன்சிலர். 2019 டிசம்பரில் தலைவர் சீட்டு இளஞ்சிவப்பு, ஒன்றியம் பச்சை, மாவட்டம் மஞ்சள். முதல் இரண்டுக்கும் கட்சிச் சின்னம் கிடையாது. அதான் எங்க அப்பத்தா கணக்கு: “பச்சை, மஞ்சள் கட்சிக்கு. தலைவர் ஓட்டு வீடு வாங்கித் தர்றவங்களுக்கு.”

வீடு இன்னும் வரலை. மழைக்கு அண்டா வைக்கிறோம்.

2024-ல் வந்த கலைஞர் கனவு இல்லம் 360 சதுர அடி, மூன்றரை லட்சம் ரூபாய். அந்தப் பட்டியலைத் தலைவர் மட்டும் முடிவு செய்ய முடியாது, கிராம சபை ஒப்புக்கணும். அன்னைக்கு அம்மா பூப்பறிக்கப் போயிருச்சு!

2025 ஜனவரி 5-ல் தலைவர் பதவிக்காலமும் முடிந்து தனி அலுவலர் வந்தார். “இனி யாருகிட்ட கேக்குறது?” என்றது அப்பத்தா. தலைவர் இல்லாட்டியும் கிராம சபை உண்டு. அக்டோபர் 2-க்கு அம்மாவை நானே கூட்டிட்டுப் போவேன்.