விடிந்ததும் காணாமற்போகும் கோப்புறை

லினக்ஸ் கணினியை இயக்கியவுடன் தானாக மவுண்ட் ஆக வேண்டிய சாம்பா கோப்புறை வராமற்போனால், பெரும்பாலோர் முதலில் சந்தேகிப்பது கடவுச்சொல்லைத்தான். காலைதோறும் கோப்புறை வெறுமையாகக் காட்சி தர, ஒரே வாரத்தில் நான்கு முறை கடவுச்சொல்லை மாற்றியும் பிரயோஜனம் காணாமல் சோர்ந்து அமர்ந்திருந்த ஓர் அச்சகத்து இளைஞரை நான் பார்த்திருக்கிறேன். அவருடைய கடவுச்சொல் முதல் நாளே சரியாகத்தான் இருந்தது.

ஆகையால் எதையும் தொடுவதற்கு முன், லாகின் செய்து, டெர்மினலில் 'சூடோ மவுண்ட் -ஏ' என்று கட்டளையிடுங்கள். மறுத்தால் பிழை எண்ணைப் பாருங்கள். 13 என்றால் அனுமதிக் கோளாறு. 2 என்றால் பெரும்பாலும் பகிர்வின் பெயரில் எழுத்துப்பிழை. 112 என்பது சர்வர் இயங்கவில்லை என்று முறையிடும். ஆனால் சர்வர் கண்ணெதிரே ஓடிக்கொண்டிருந்தால், அது சாம்பா பேசும் எஸ்எம்பி நெறிமுறையின் முதற்பதிப்பு மட்டுமே தெரிந்த பழைய பெட்டி என்பது காரணமாக இருக்கலாம். 2017-இல் வெளிவந்த 4.13 கெர்னல் முதல் லினக்ஸ் அந்தப் பதிப்பைத் தானாக நாடுவதில்லை.

கட்டளையிட்டதும் கோப்புறை வந்துவிட்டதா? அப்படியானால் குற்றம் கடவுச்சொல்லில் இல்லை, முந்திக்கொண்ட அவசரத்தில் இருக்கிறது. நெட்வொர்க்கை நிர்வகிக்கும் மென்பொருள் எழுந்துவிட்டது என்பது ஒன்று. ரவுட்டரிடமிருந்து ஐபி முகவரி வந்து சேர்ந்துவிட்டது என்பது முற்றிலும் வேறொன்று. சாம்பா பகிர்வை இரண்டாவது நிலைக்குப் பிறகே மவுண்ட் செய்ய வேண்டும் என்பதை சிஸ்டம்டி தானே அறியும். ஆயினும் அந்த நிலை வரும்வரை காத்து நிற்கும் காவற்காரன் 'நெட்வொர்க்மேனேஜர்-வெயிட்-ஆன்லைன்' என்னும் சர்வீஸ்தான். கணினி சில விநாடி சீக்கிரம் எழட்டும் என்று எவரோ சொன்ன யோசனையைக் கேட்டு அதை நிறுத்திவைத்தவர்கள் ஏராளம். காவற்காரனை வீட்டுக்கு அனுப்பிவிட்டுக் கதவு ஏன் திறந்து கிடக்கிறது என்று கேட்பவர்களிடம் எனக்குப் பொறுமை குறைவு. அதை மறுபடி எனேபிள் செய்யுங்கள். வைஃபையானால் இன்னொரு சூட்சுமமும் உண்டு: அதன் கடவுச்சொல் ஒரு பயனருடைய கீரிங்கில் மட்டும் இருந்தால், அவர் லாகின் செய்யும்வரை இணைப்பே பிறக்காது. இணைப்பு அமைப்பில் 'எல்லாப் பயனர்களுக்கும்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். அதைவிட ஒரு கேபிளை இழுத்துவிடுவது உத்தமம்.

இத்தனைக்கும் பிறகு, நான் என் கணினிகளில் காத்திருப்பை நம்புவதே இல்லை. எஃப்ஸ்டாப் கோப்பில் அந்தப் பகிர்வுக்குரிய வரியின் நான்காம் பகுதியில் 'எக்ஸ்-சிஸ்டம்டி.ஆட்டோமவுண்ட்' என்பதைச் சேர்த்துவிட்டால், கோப்புறையை ஒருவர் முதன்முதலாகத் திறக்கும் கணத்தில்தான் அது மவுண்ட் ஆகும். அதற்குள் நெட்வொர்க் நிதானமாக வந்து சேர்ந்திருக்கும். கூடவே 'நோஃபெயில்' என்பதையும் எழுதுங்கள். கடவுச்சொல்லை அந்த வரியிலேயே எழுதாமல் தனிக் கோப்பில் வைத்து, அதற்கு 600 அனுமதி கொடுங்கள். பின் டீமன்-ரீலோட், பின் ஒரு ரீபூட்.

ஆனால் இந்த மாற்றத்தைச் செய்வதற்கு முன்பே, பகிர்வை அன்மவுண்ட் செய்து, அடியிலுள்ள உள்ளூர்க் கோப்புறையை ஒருமுறை திறந்து பார்த்துவிடுங்கள். மவுண்ட் ஆகாத நாட்களில் அதில் சேமித்தவை யாவும் உள்ளூர் வட்டிலேயே விழுந்து, பகிர்வு வந்ததும் அதன் அடியில் மறைந்துவிடும். அச்சகத்தில் தொலைந்துவிட்டதாக எண்ணி இரண்டாம் முறை தட்டச்சு செய்த மூன்று கல்யாணப் பத்திரிகைகள் அங்கேதான் கிடந்தன.