தொட்டுப் பார், செய்து பார்: அறிவியல் மையத்தில் நமக்கும் வேலை உண்டு



சேமிப்பு, கடன், கணக்கு நோட்டு என்று பல பாடங்கள் படித்துவிட்டோம். இந்த மாதப் பாடத்தில் பணக் கணக்கு இல்லை. ஆனால் நம் பிள்ளைகளின், முக்கியமாக நம் பெண் பிள்ளைகளின், எதிர்காலக் கணக்கு இருக்கிறது. வழக்கம்போலக் குழுக் கூட்டத்தில் ஒருவர் சத்தமாகப் படிக்க மற்றவர்கள் கேளுங்கள். கடைசியில் உள்ள கேள்விகளைக் கலந்து பேசுங்கள்.

"தொடாதே!"

காலையில் எழுந்ததிலிருந்து நாம் பிள்ளைகளிடம் அதிகமாகச் சொல்லும் வார்த்தை எது? யோசித்துப் பாருங்கள். "அதைத் தொடாதே", "இதை எடுக்காதே", "கீழ போட்டு உடைச்சிராதே". இல்லையா?

இரண்டு வருடங்களுக்கு முன் கோடை விடுமுறையில், எங்கள் கூட்டமைப்பில் இருந்து 38 பிள்ளைகளை அழைத்துக்கொண்டு திருநெல்வேலி மாவட்ட அறிவியல் மையத்துக்குப் போனோம். துணைக்கு நாங்கள் 9 பேர். ஸ்ரீவில்லிபுத்தூரில் விடியற்காலையில் வாடகை பஸ் ஏறி, ராஜபாளையம், சங்கரன்கோவில் வழியாகப் போய்ச் சேர்ந்தோம். உள்ளே நுழைந்ததும் பழக்க தோஷத்தில் "யாரும் எதையும் தொடக்கூடாது, வரிசையா வாங்க" என்று கத்தினோம். அப்புறம்தான் தெரிந்தது, அங்கே தொட்டுப் பார்க்க வேண்டும் என்பதுதான் சட்டமே!

அது என்ன இடம்?

சாதாரண மியூசியத்தில் பொருள்கள் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும். அறிவியல் மையத்தில் கைப்பிடியைச் சுற்றலாம், பொத்தானை அமுக்கலாம், கயிற்றை இழுக்கலாம். என்ன நடக்கிறது என்று நாமே பார்க்கலாம். நம் நாட்டில் இந்த மாதிரி மையங்கள் பலவற்றை நடத்துவது மத்திய அரசின் தேசிய அறிவியல் அருங்காட்சியகக் குழுமம். கல்கத்தாவில் 1959-லும் பெங்களூரில் 1965-லும் பெரிய மியூசியங்கள் திறக்கப்பட்டன. மாவட்டங்களுக்கும் இது வேண்டும் என்று பிறகு தொடங்கியவற்றில் ஒன்றுதான் திருநெல்வேலி கொக்கிரகுளத்தில் உள்ள மையம். 1987-ல் இருந்து நடக்கிறது. சென்னை கோட்டூர்புரத்தில் பிர்லா கோளரங்கத்தோடு உள்ள பெரியார் அறிவியல் தொழில்நுட்ப மையம் 1988-ல் வந்தது.

இன்னொரு செய்தி. ஊரிலிருந்து மியூசியத்துக்கு வர முடியாதவர்களுக்காக, 1965-லேயே கல்கத்தா மியூசியம் ஒரு பஸ்ஸில் பொருள்களை ஏற்றிக்கொண்டு கிராமம் கிராமமாகப் போக ஆரம்பித்தது. ஆக, மியூசியம் என்றால் கட்டிடம் மட்டும் அல்ல. பிள்ளை கையில் ஒரு பொருளும், பக்கத்தில் ஒரு பெரிய ஆளும் இருந்தால் அதுவும் மியூசியம்தான். அந்தப் பெரிய ஆள் நாமாக இருக்க முடியுமா என்பதுதான் இந்தப் பாடம்.

கண்ணாடி முன்னால் நடந்தது

வளைந்த கண்ணாடி ஒன்றின் முன்னால் ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன் நின்றான். தலைகீழாகத் தெரிந்தான். "ஏன் பெரியம்மா நான் தலைகீழா இருக்கேன்?" என்று பக்கத்தில் நின்ற எங்கள் உறுப்பினரிடம் கேட்டான். அவர் பால்கோவா அடுப்பில் வேலை பார்ப்பவர். ஐந்தாவது வரைதான் படிப்பு. "எனக்குத் தெரியலயேப்பா. கொஞ்சம் பக்கத்துல போய்த்தான் பாரேன்" என்றார். பையன் ஓரடி முன்னால் போனான். இன்னும் ஓரடி. சட்டென்று நேராகிவிட்டான்! பின்னால் வந்தால் மறுபடியும் தலைகீழ். அவ்வளவுதான், பிள்ளைகள் கூட்டம் கூடிவிட்டது. எந்த இடத்தில் மாறுகிறது என்று தரையில் செருப்பை வைத்து அடையாளம் போட்டார்கள்.

அதே நேரம் எங்களில் நன்றாகப் படித்த ஒருவர், அடுத்த கருவி பக்கத்தில் நின்று எழுதியிருந்ததை எல்லாம் வேக வேகமாகப் படித்து விளக்கினார். பிள்ளைகள் தலையை ஆட்டிவிட்டு நகர்ந்துவிட்டார்கள். திரும்பும்போது பஸ்ஸில் பிள்ளைகளிடம் என்ன பிடித்தது என்று கேட்டோம். எல்லோரும் சொன்னது கண்ணாடியைத்தான்!

"கட்டிக் கொடுத்த சோறும் சொல்லிக் கொடுத்த சொல்லும் எத்தனை நாளைக்கு?" என்று நம் பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள்?

தன்னார்வலர் யார்?

அமெரிக்காவில் சான்பிரான்சிஸ்கோ நகரில் 1969-ல் 'எக்ஸ்ப்ளோரடோரியம்' என்ற தொட்டுப் பார்க்கும் மியூசியம் திறக்கப்பட்டது. உலகம் முழுவதும் பல மையங்கள் அதைப் பார்த்துக் கற்றுக்கொண்டன. அதை ஆரம்பித்த பிராங்க் ஓப்பன்ஹைமர் பெரிய இயற்பியல் விஞ்ஞானி. அரசியல் காரணத்தால் 1949-ல் பல்கலைக்கழக வேலையை இழந்து, மலைப்பக்கத்தில் மாடு வளர்த்துப் பிழைத்தார். பிறகு அங்கே ஒரு சிற்றூர்ப் பள்ளியில் ஆசிரியர் ஆனார். குப்பை மேட்டில் கிடைத்த பழைய சாமான்களை வைத்தே பாடம் நடத்தினார். பின்னாளில் மியூசியம் ஆரம்பித்தபோது, வருபவர்களுக்கு உதவி செய்ய அவர் நிறுத்தியது யாரைத் தெரியுமா? உயர்நிலைப் பள்ளி மாணவ மாணவிகளை! எல்லாம் தெரிந்தவர்களை விட, தானும் ஆச்சரியப்படுகிறவர்கள் பக்கத்தில் நின்றால் பார்ப்பவருக்குக் கூச்சம் இருக்காது.

நமக்கும் தன்னார்வம் புதிது அல்ல. 1990-களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கத்தில் ராத்திரி விளக்கை வைத்துக்கொண்டு எழுத்துச் சொல்லிக் கொடுத்தவர்களில் பெண்கள் எத்தனை பேர்! 2021-ல் தொடங்கிய 'இல்லம் தேடிக் கல்வி'யிலும் நம் பெண்கள்தான் முன்னால் நின்றார்கள். 2022 நவம்பரில் தொடங்கிய 'வானவில் மன்றம்' திட்டத்தில், அரசுப் பள்ளிகளில் 6 முதல் 8 வரை படிக்கும் பிள்ளைகளிடம் சோதனைப் பொருள்களை எடுத்துக்கொண்டு போகக் கருத்தாளர்களை நியமித்தார்கள்.

நாங்கள் கற்றுக்கொண்ட 5 விஷயங்கள்

1. முதலில் கையில் கொடுங்கள். விளக்கம் பிறகு.

2. கேளுங்கள். "என்ன ஆகும்னு நினைக்கிற?" என்று செய்வதற்கு முன்னாலேயே கேளுங்கள். தப்பாகச் சொன்னாலும் திருத்த வேண்டாம். செய்து பார்த்தால் தானே தெரியப் போகிறது!

3. காத்திருங்கள். மனதுக்குள் பத்து எண்ணுங்கள். இதுதான் ரொம்பக் கஷ்டம். நமக்கு வாய் துறுதுறு என்று வரும். அடக்கிக்கொள்ள வேண்டும்.

4. தெரியாததைத் தெரியாது என்று சொல்லுங்கள். இதில் கேவலம் ஒன்றும் இல்லை. கேள்வியை ஒரு நோட்டில் எழுதிப் பள்ளி ஆசிரியரிடம் கேட்டு வந்து சொல்லுங்கள்.

5. பெண் பிள்ளைகளைக் கவனியுங்கள். ஆண் பிள்ளைகள் முட்டி மோதி முன்னால் வந்துவிடுவார்கள். பெண் பிள்ளை இடுப்பில் தம்பியை வைத்துக்கொண்டு பின்னால் நின்று பார்க்கும். அந்தத் தம்பியை நாம் வாங்கிக்கொண்டால் போதும். அவளுக்கு இரண்டு கையும் கிடைத்துவிடும். நாங்கள் செய்ததிலேயே பெரிய அறிவியல் சேவை இதுதான்!

ஊருக்குத் திரும்பி வந்து போட்ட மேசை

ஒரு நாள் போய் வந்ததோடு விடக்கூடாது என்று கூட்டத்தில் தீர்மானம் போட்டோம். மாதம் இரண்டு சனிக்கிழமை, மாலை 4 மணி முதல் 6 மணி வரை, கூட்டமைப்புக் கட்டிடத்தில் ஒரு மேசை. முறை வைத்து இரண்டு இரண்டு பேர் நிற்கிறோம். செலவு மிகக் குறைவு. நீங்களும் செய்யலாம். முதலில் இந்த மூன்றையும் நீங்களே செய்து பழகுங்கள்.

கரண்டிக் கண்ணாடி: பளபளப்பான எவர்சில்வர் குழிக்கரண்டியின் உட்பக்கத்தில் முகம் பாருங்கள். தலைகீழ்! பின்பக்கத்தில் நேராக, சிறிதாகத் தெரியும். இப்போது விரல் நுனியை உட்குழியைத் தொடும் அளவுக்குக் கொண்டு போங்கள். நேராகவும் பெரிதாகவும் தெரியும். குழிந்த பரப்பில் பட்ட ஒளி திரும்பும்போது மேலிருந்து வந்தது கீழாகவும், கீழிருந்து வந்தது மேலாகவும் குறுக்கே போவதால்தான் தூரத்தில் உள்ளது தலைகீழாகிறது. பின்பக்கம் போலப் புடைத்த கண்ணாடிதான் பஸ் டிரைவர் பக்கத்தில் இருப்பது. சின்னதாகக் காட்டினாலும் நிறைய இடத்தைக் காட்டும்.

ஸ்கேல் தராசு: ஒரு பட்டைப் பென்சில் மேல் 30 செ.மீ. ஸ்கேலை நடுவில் நிறுத்துங்கள். ஒரு பக்கம் நடுவிலிருந்து 5 செ.மீ. தூரத்தில் இரண்டு ஒரு ரூபாய்க் காசு. மறுபக்கம் ஒரே ஒரு காசை எங்கே வைத்தால் சமமாகும்? பிள்ளைகளையே தேடச் சொல்லுங்கள். 10 செ.மீ. தூரத்தில் வரும். தூரம் இரண்டு மடங்கானால் பாதிப் பாரம் போதும். ஆடிப்பூரத் தேரோட்டத்தைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். தேர்ச் சக்கரத்துக்கு அடியில் நீளமான தடியைப் போட்டு நெம்புவது ஏன் என்று இப்போது புரிகிறதா?

மிதக்கும் முட்டை: நல்ல முட்டை தண்ணீரில் முங்கும். முட்டையை எடுத்துவிட்டு உப்பைக் கரண்டி கரண்டியாகப் போட்டுக் கரைத்து, ஒவ்வொரு தடவையும் முட்டையை விட்டுப் பாருங்கள். ஒரு கட்டத்தில் மிதக்கும். அதே அளவு உப்புத் தண்ணீர் நல்ல தண்ணீரை விடக் கனம். இது நமக்குத் தெரியாத விஷயமா? விதை நெல்லில் பதரை நீக்க, முட்டை மிதக்கும் அளவு உப்புக் கரைத்து நெல்லைப் போடுகிறோமே, அதேதான்! "அப்ப எங்க ஆத்தாளும் விஞ்ஞானிதானா?" என்று ஒரு குட்டிப் பெண் கேட்டாள். ஆமாம் என்றோம்.

எச்சரிக்கை: மேசையில் நெருப்பு கூடாது. வீட்டுக் கரண்டு கூடாது. ஆசிட் கூடாது. நம் மாவட்டத்தில் சில பிள்ளைகளுக்குப் பட்டாசு மருந்து கையில் கிடைத்துவிடும். அது இந்தப் பக்கமே வரக்கூடாது. லென்ஸ் அல்லது கண்ணாடி வழியாகச் சூரியனைப் பார்க்கவே விடாதீர்கள்.

இதனால் என்ன பலன்?

எங்கள் உறுப்பினர் ஒருவர் நூல் மில்லுக்கு வேலைக்குப் போகிறவர். அவர் மகள் அப்போது ஒன்பதாவது. அதிகம் பேசாத பிள்ளை. பத்தாவதோடு நிறுத்தி மில்லுக்குச் சேர்த்துவிடலாம் என்று வீட்டில் முடிவு செய்திருந்தார்கள். அந்தப் பிள்ளை மேசைக்கு வந்தாள். நாலாவது தடவை நாங்கள் சொல்லாமலேயே சின்னப் பிள்ளைகளுக்குப் பக்கத்தில் நின்று, "என்ன ஆகும்னு நினைக்கிற?" என்று கேட்க ஆரம்பித்தாள். ஒருநாள் அவளைக் கூப்பிட வந்த அம்மா, வாசலிலேயே நின்றுவிட்டார். பத்து நிமிஷம் உள்ளே வரவில்லை. பிறகு எங்களிடம், "இவ இவ்வளவு பேசுவான்னு எனக்கே தெரியாது மதினி" என்றார்.

அடுத்த மாதக் கூட்டத்தில் அவரே எழுந்து, மகள் படிப்புக்குக் கடன் கேட்டார். குழு 5,000 ரூபாய் உள்கடன் கொடுத்தது. பஸ் செலவு, நோட்டு, ரெக்கார்டு எல்லாம் அதில்தான். இப்போது அந்தப் பிள்ளை பதினொன்றாம் வகுப்பில் அறிவியல் பிரிவு படிக்கிறாள். வீட்டில் இன்னும் முணுமுணுப்பு இருக்கத்தான் செய்கிறது. அம்மா உறுதியாக இருக்கிறார்.

ஆனால் உண்மையைச் சொல்ல வேண்டும். அதே மேசைக்கு வந்த இன்னொரு பெண் பிள்ளையின் படிப்பு நின்றுவிட்டது. நாங்கள் வீட்டுக்குப் போய்ப் பேசுவதற்குள் காலம் கடந்துவிட்டது. ஒரு மேசை எல்லாவற்றையும் மாற்றிவிடாது. ஆனால் எந்தப் பிள்ளை வரவில்லை என்று அந்த மேசையில் நிற்கிறவருக்குத்தான் முதலில் தெரியும். இரண்டு சனிக்கிழமை ஒரு பிள்ளை வராவிட்டால் உடனே வீட்டுக்குப் போய் விசாரிக்க வேண்டும் என்பது இப்போது எங்கள் விதி.

அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்து மேல்படிப்புக்குப் போகும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் என்று 2022 செப்டம்பரில் 'புதுமைப் பெண்' திட்டம் வந்தது. மகள் பள்ளியில் படிக்கும்போதே தலைமையாசிரியரிடம் இந்த உதவிகளைப் பற்றிக் கேட்டு வையுங்கள்.

கலந்து பேச:

1. இந்த வாரம் நம் பிள்ளையிடம் "தொடாதே" என்று எத்தனை தடவை சொன்னோம்? அதில் எது தேவை, எது தேவையில்லை?

2. சமையல், தறி, வயல், பால்கோவா அடுப்பு என்று நாம் அன்றாடம் செய்யும் வேலையில் உள்ள அறிவியல் என்ன? ஆளுக்கு ஒன்று சொல்லுங்கள்.

3. நம் ஊரில் மேசை போட இடம் எது? மாதம் இரண்டு மணி நேரம் தரக்கூடியவர்கள் யார் யார்? பெயர்களைத் தீர்மான நோட்டில் எழுதுங்கள்.

4. நம் குழுக் குடும்பங்களில் இந்த வருடம் பத்தாவது முடிக்கும் பெண் பிள்ளைகள் எத்தனை பேர்? அவர்கள் அடுத்து என்ன படிக்கப் போகிறார்கள்?

அடுத்த கூட்டத்துக்கு வரும்போது சந்தாவோடு ஆளுக்கு ஒரு குழிக்கரண்டியும் கொண்டு வாருங்கள். முதலில் நாம் தொட்டுப் பார்ப்போம்!