தோட்டத்துச் சங்கங்களை ஆராய்பவர் எந்த ஆய்வுக் குழுவில் சேரலாம்?

பெல்மதுளைச் சந்தியிலிருந்து கஹவத்தை, இறக்குவானைப் பக்கம் போனாலும் சரி, பலாங்கொடைப் பக்கம் போனாலும் சரி, எந்தத் தோட்டத்திலும் நாலைந்து அமைப்புகளையாவது காணலாம். மரண உதவிச் சங்கம், மாதர் சங்கம், கோயில் கமிட்டி, விளையாட்டுக் கழகம், தொழிற்சங்கக் கிளை, வீடமைப்புக் கூட்டுறவுச் சங்கம் என்று பட்டியல் நீளும். பல்கலைக்கழகத்துக்குப் போன நம் பிள்ளைகள் பலர் இறுதியாண்டு ஆய்வுக்கோ முதுகலை ஆய்வுக்கோ இவற்றில் ஒன்றைத்தான் எடுத்துக்கொள்கிறார்கள். எழுதி முடித்த பிறகுதான் சிக்கல். மலையகம் பற்றிய ஆய்வரங்குகளில் சம்பளம், காணி, வீடு, குடியுரிமை ஆகியவையே பெரிதும் பேசப்படும். ஒரு மரண உதவிச் சங்கம் எப்படி நடக்கிறது, ஏன் நிலைக்கிறது என்று கேட்க அங்கே ஆள் குறைவு.

அந்தக் கேள்வியையே தொழிலாகக் கொண்ட ஆய்வுத்துறை உலகில் இருக்கிறது. இலாப நோக்கற்ற அமைப்புகளையும் தன்னார்வச் செயல்பாட்டையும் ஆராயும் துறை அது. அதற்குச் சர்வதேசச் சங்கங்களும், அவற்றுக்குள் தனித்தனி ஆர்வக் குழுக்களும் உண்டு. சபரகமுவைத் தோட்டங்களை ஆராய்பவருக்கு எது பொருந்தும் என்று ஒப்பிட்டுச் சொல்வதே இந்த வழிகாட்டி.

இரண்டு பெரிய சங்கங்கள்

முதலாவது அமெரிக்காவின் அர்னோவா. 1971இல் டேவிட் ஹோர்ட்டன் ஸ்மித் என்ற சமூகவியலாளர் முன்னின்று தொடங்கிய சங்கம் இது. அடுத்த ஆண்டே அதன் ஆய்விதழ் வெளிவந்தது. தொடக்கத்தில் சங்கத்தின் பெயரிலும் இதழின் பெயரிலும் தன்னார்வச் செயல்பாடு மட்டுமே இருந்தது. பின்னர் 'இலாப நோக்கற்ற' என்பதும் இரண்டிலும் சேர்ந்துகொண்டது. பெரிய தொண்டு நிறுவனங்கள், அவற்றின் நிர்வாகம், நிதி ஆகியவற்றின் பக்கம் துறை சாய்ந்ததன் அடையாளம் அது. ஆண்டு மாநாடு வழக்கமாக நவம்பரில், வட அமெரிக்க நகரமொன்றில் நடக்கும்.

இரண்டாவது, 1992இல் தோன்றிய சர்வதேச மூன்றாம் துறை ஆய்வுக் கழகம், சுருக்கமாக ஐ.எஸ்.டி.ஆர். இதன் முதல் மாநாடு 1994இல் ஹங்கேரியின் பேச் நகரில் நடந்தது. அதன் பின் இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை என்ற ஒழுங்கில் மெக்சிகோ நகரம், கேப்டவுன், பாங்கொக், இஸ்தான்புல் என்று நாடு நாடாக நகர்ந்து வந்திருக்கிறது. ஆசியாவுக்கு 2006இல் வந்தது. 'வொலண்டாஸ்' இதன் ஆய்விதழ்.

அர்னோவாவின் உட்குழுக்கள் பேசுபொருளை வைத்துப் பிரிந்தவை. ஐ.எஸ்.டி.ஆரில் அதோடு பிராந்திய வலையமைப்புகளும் உண்டு. நமக்குரியது ஆசிய பசிபிக் வலையமைப்பு. ஒன்றில் உங்கள் கேள்வியை வைத்து ஆட்களைத் தேடுவீர்கள், மற்றதில் உங்கள் பூமியை வைத்துத் தேடுவீர்கள்.

அர்னோவாவின் பிரிவுகள்: எது எந்தக் கேள்விக்கு?

*சமூக, அடிமட்டச் சங்கங்கள் பிரிவு.* நம்மவர்களில் பலருக்கு முதலில் பார்க்க வேண்டிய வாசல் இதுதான். சம்பளத்துக்கு ஆள் இல்லாத, பதிவுகூட இல்லாத, உறுப்பினரின் உழைப்பாலேயே ஓடும் சிறு சங்கங்களே இதன் அக்கறை. ஹோர்ட்டன் ஸ்மித் 1997இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில் இத்தகைய சங்கங்களை வானியலாளர் சொல்லும் கரும்பொருளுக்கு ஒப்பிட்டார். அவை எங்கும் பரவியிருந்தும் துறையின் வரைபடங்களில் இல்லை என்பது அவர் குறை. இரத்தினபுரி மாவட்டத்துத் தோட்டங்கள் இதற்குப் பொருத்தமான சான்று. சிங்களக் கிராமங்களுக்கும் இறப்பர்க் காணிகளுக்கும் நடுவே சிதறிக் கிடக்கும் இந்தத் தோட்டங்களை ஆராய்ச்சியாளர்கள் அட்டன், நுவரெலியா அளவுக்குத் தேடி வருவதில்லை. சாவு வீட்டுக்குப் பந்தல், கதிரை, பணம் எல்லாம் சில மணி நேரத்தில் எப்படி வந்து சேர்கின்றன என்பதை விவரித்து எழுதினால் இந்தப் பிரிவில் காது கொடுப்பார்கள்.

*கோட்பாடுகள், பிரச்சினைகள், எல்லைகள் பிரிவு.* தன்னார்வ அமைப்பு என்று எதைச் சொல்வது என்பதே இவர்களின் வாதம். லெஸ்டர் சலமனும் ஹெல்முட் அன்ஹையரும் 1990களில் முன்வைத்த ஐந்து அளவுகோல்கள் துறையில் பெயர்பெற்றவை: ஓர் அமைப்பாக இருத்தல், அரசுக்கு வெளியே இருத்தல், இலாபத்தைப் பங்கிடாமை, தன்னைத் தானே ஆளுதல், விருப்பத்தின் பேரில் சேருதல். இவற்றைத் தோட்டத்துக்குக் கொண்டுவந்து பாருங்கள். தொழிற்சங்கச் சந்தா தோட்டக் கந்தோரிலேயே சம்பளத்தில் கழிகிறது. சில தோட்டங்களில் கோயில் பணமும் அப்படித்தான். இதில் விருப்பம் எவ்வளவு, வழக்கம் எவ்வளவு? தோட்டத்தில் 'ட்ரஸ்ட்' என்று சொல்லப்படும் பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிறுவனம் 1992இல், தோட்ட நிர்வாகம் தனியார் கம்பெனிகளுக்குக் கைமாறிய காலத்தில் உருவானது. அரசு, கம்பெனிகள், தொழிற்சங்கங்கள் மூன்றுக்கும் அதில் இடமுண்டு. ஐந்து அளவுகோலில் எத்தனையில் அது தேறும்? இப்படி ஒரு கேள்வி உங்களிடம் இருந்தால் இதுவே உங்கள் பிரிவு. வெறும் விவரணையோடு போனால் இங்கே எடுபடாது.

*ஆளுகைப் பிரிவு.* யார் தலைவர், யார் கையொப்பமிடுகிறார், கணக்கு யாரிடம் என்பவை இங்கே பேசப்படும். கொழுந்து பறிப்பவர்களில் மிகப் பெரும்பாலோர் பெண்கள். சங்கத் தலைவர்களோ பெரும்பாலும் ஆண்கள். வீடமைப்புக் கூட்டுறவுச் சங்கத்தில் தோட்ட நிர்வாகத்தின் கை எவ்வளவு நீள்கிறது என்பதும் நல்ல ஆய்வுப் பொருள். இந்தப் பிரிவில் பெரிய நிறுவனங்களின் பணிப்பாளர் சபைகளைப் பற்றிய ஆய்வுகள் அதிகம். உங்களுடையது எடுப்பாகத் தெரிய வேண்டுமானால், கூட்டக் குறிப்பேடும் கணக்குப் புத்தகமும் பார்த்து எழுதியதாக இருக்க வேண்டும்.

*விழுமியம், மதம், பிறர்நலம், பாதகங்கள் பிரிவு.* கோயில் கமிட்டி, மாரியம்மன் திருவிழா, அன்னதானம் எல்லாம் இங்கே வரும். பெல்மதுளைக்கு இதில் ஒரு தனி வாய்ப்பு உண்டு. சிவனொளிபாத மலைப் பருவம் தொடங்கும்போது சமன் தெய்வத்தின் சிலை இவ்வூர்க் கல்பொத்தாவெல விகாரையிலிருந்தே ஊர்வலமாக மலைக்குப் போகிறது. சிங்களக் கிராமத்தாரின் தன்சலும் தோட்டத்து அன்னதானமும் ஒரே வட்டாரத்தில் நடக்கின்றன. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் ஆய்வுக்கு இங்கே இடம் கிடைக்கும். பெயரில் உள்ள 'பாதகங்கள்' என்பதையும் கவனிக்க வேண்டும். கோயில் கமிட்டியில் சாதி எப்படி வேலை செய்கிறது என்று எழுதத் துணிந்தவருக்கும் இதுவே இடம்.

*சமூகத் தொழில்முயற்சிப் பிரிவு.* சுயதொழில் குழு, சேமிப்புக் குழு, வீட்டுத்தோட்ட விற்பனை போன்றவற்றை ஆராய்பவருக்கு உரியது. பணம் ஈட்டும் நோக்கம் உங்கள் ஆய்வின் நடுவில் இல்லையென்றால், நாகரிகமான பெயர் என்பதற்காக இதில் போய் உட்கார வேண்டாம்.

*களப்பணி ஆய்வாளர் பிரிவும் கற்பித்தல் பிரிவும்.* முன்னது வேலையும் செய்து ஆய்வும் செய்பவர்களுக்கு. தொண்டு நிறுவனக் கள உத்தியோகத்தராகத் தோட்டம் தோட்டமாக நடந்தவருக்கு இது இயல்பான இடம். பின்னது விரிவுரையாளர்களுக்கு, மாணவர் தாராளமாக விட்டுவிடலாம்.

பிரிவுகளின் பெயரும் எண்ணிக்கையும் காலத்துக்குக் காலம் மாறும். சேருமுன் நடப்புப் பட்டியலைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஐ.எஸ்.டி.ஆரின் பக்கம்

அர்னோவாவில் அமெரிக்க அனுபவமே பேச்சின் மையம். அங்கே தோட்டம் என்றால் என்ன, லயம் என்றால் என்ன என்று விளக்குவதிலேயே உங்கள் பதினைந்து நிமிடத்தில் பாதி போய்விடும். ஆசிய பசிபிக் வலையமைப்பில் இந்தியா, வங்காளதேசம், இந்தோனேசியா போன்ற நாடுகளின் ஆய்வாளர்களைச் சந்திக்கலாம். அரசு தொண்டு நிறுவனங்களைச் சந்தேகத்தோடு பார்ப்பது, வெளிநாட்டு நிதி நின்றதும் திட்டம் படுத்துவிடுவது போன்றவற்றை அவர்களுக்கு முதலிலிருந்து சொல்ல வேண்டியதில்லை.

ஒரு சான்று. 1977 வன்செயலில் சபரகமுவைத் தோட்டங்களிலிருந்தும் பல குடும்பங்கள் வவுனியாப் பக்கம் ஓடின. அவர்களைக் குடியமர்த்தியதில் காந்தியம் அமைப்புக்குப் பெரும் பங்குண்டு. அதை நடத்திய கட்டடக் கலைஞர் டேவிட்டும் மருத்துவர் இராஜசுந்தரமும் 1983இல் கைதானார்கள். அந்த ஜூலையில் வெலிக்கடைச் சிறைப் படுகொலையில் இராஜசுந்தரம் கொல்லப்பட்டார். தொண்டு எந்த இடத்தில் அரசியலாகப் பார்க்கப்படுகிறது என்ற கேள்விக்கு இதைவிட அழுத்தமான வரலாறு நம்மிடம் குறைவு. இதை அமைப்பு ஆளுகையாகவோ நிதி முகாமையாகவோ சுருக்கிவிடாமல் கேட்கும் சபை ஐ.எஸ்.டி.ஆரில் கிடைக்கும் வாய்ப்பு அதிகம். 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்த மலையகம் 200 நடைபவனி போன்ற குடிமக்கள் முயற்சிகளுக்கும் இதுவே பொருந்தும்.

கலாநிதிப் பட்ட ஆய்வாளருக்கு இன்னொரு நன்மை உண்டு. மாநாட்டை ஒட்டி அவர்களுக்கென்று தனிக் கருத்தரங்கு நடத்தும் வழக்கம் ஐ.எஸ்.டி.ஆரில் இருக்கிறது. மூத்த ஆய்வாளர் ஒருவர் உங்கள் அத்தியாயத்தை வரி வரியாகப் படித்துக் கருத்துச் சொல்வது, பெரிய அரங்கில் பேசுவதை விடப் பயன் தரும்.

வீட்டுக்குப் பக்கத்தில் இருப்பவை

சர்வதேசச் சங்கம் எதுவும் உள்ளூர் வாசகர்களுக்கு ஈடாகாது. பெல்மதுளையிலிருந்து அதே ஏ4 வீதியில் பலாங்கொடை தாண்டினால் பெலிஹுல்ஓயாவில் சபரகமுவைப் பல்கலைக்கழகம் இருக்கிறது. கண்டியில், 1972இல் பாதர் போல் கஸ்பர்ஸ் தொடங்கிய சத்தியோதயமும், தோட்டத் தொழிலாளருக்கென அருங்காட்சியகம் அமைத்த சமூக அபிவிருத்தி நிறுவனமும் உள்ளன. கொழும்பில் சமூக விஞ்ஞானிகள் சங்கம் 1977 முதலும், இனத்துவக் கற்கைகளுக்கான சர்வதேச நிலையம் 1982 முதலும் இயங்குகின்றன. இவை மலையகத்தை அறிந்தவை, தமிழிலும் பேசலாம். தன்னார்வத் துறை ஆய்வு என்ற தனிச் சட்டகம் மட்டும் இவற்றில் முன்னிற்காது. ஆகவே தரவு சரியா என்று சோதிக்க உள்ளூர், வாதம் சரியா என்று சோதிக்க வெளியூர் என்று பிரித்துக்கொள்வது நல்லது.

சேருமுன் பார்க்க வேண்டியவை

செலவை முதலில் கணக்குப் பாருங்கள். உறுப்பினர் கட்டணம், மாநாட்டுக் கட்டணம், விமானச் சீட்டு, விசா எல்லாம் தனித்தனி. குறைந்த வருமான நாட்டவருக்கும் மாணவருக்கும் சலுகை உண்டா என்று எழுதிக் கேளுங்கள், கேட்பதில் வெட்கமில்லை. வெறும் உறுப்பினர் அட்டைக்காகப் பணம் கட்ட வேண்டாம். சமர்ப்பிக்க ஒரு கட்டுரை கையில் இருக்கும் ஆண்டில் சேர்ந்தால் போதும்.

அடுத்து, அந்தக் குழுவினர் கடந்த சில ஆண்டுகளில் என்ன தலைப்புகளில் பேசினார்கள் என்று நிகழ்ச்சி நிரலைப் படியுங்கள். பெயரை விட நிரல் உண்மை பேசும்.

மூன்றாவது, ஆட்களின் பாதுகாப்பு. ஒரு தோட்டத்தில் மாதர் சங்கத் தலைவி ஒருவர்தான் இருப்பார். பெயரை மாற்றிவிட்டு 'பெல்மதுளைக்கு அருகிலுள்ள தோட்டம், தலைவி, வயது 48' என்று எழுதினால் ஊரே கண்டுபிடித்துவிடும். பெரிய நிறுவனங்களை ஆராய்பவருக்கு இந்தச் சிக்கல் இவ்வளவு கூர்மையாக வராது. அடிமட்டச் சங்கங்களில் அனுபவமுள்ள குழுவில் இருந்தால் இதற்கு வழி சொல்லுவார்கள். குழுவைத் தேர்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

யாருக்கு எது: சுருக்கத் தீர்ப்பு

• இளமாணி மாணவர்: எதிலும் சேர வேண்டியதில்லை. இரு ஆய்விதழ்களையும் நூலகம் வழியே படியுங்கள். உள்ளூர் ஆய்வரங்கில் பேசுங்கள்.

• முதுகலை மாணவர், சிறு சங்கம் ஒன்றின் விரிவான ஆய்வு: அர்னோவாவின் அடிமட்டச் சங்கங்கள் பிரிவு. பயணம் இயலாவிட்டால் அந்தப் பிரிவினரின் எழுத்தைப் படித்து, ஒருவரோடாவது கடிதத் தொடர்பு வையுங்கள்.

• கலாநிதிப் பட்ட ஆய்வாளர்: முதலில் ஐ.எஸ்.டி.ஆரின் ஆசிய பசிபிக் வலையமைப்பு. வாதம் கோட்பாடு சார்ந்ததானால் அர்னோவாவின் எல்லைகள் பிரிவு இரண்டாவது.

• கோயிலை ஆராய்பவர்: விழுமியம், மதம் பிரிவு. வேறு எங்கும் உங்களுக்கு விளக்கவுரை எழுதியே காலம் போகும்.

• கள உத்தியோகத்தர்: களப்பணி ஆய்வாளர் பிரிவு, அல்லது பல்கலைக்கழகத்தில் உள்ள ஒருவரோடு சேர்ந்து எழுதுவது. இரண்டாவது மலிவு, விரைவும்கூட.

• எதில் பொருந்துவோம் என்று தெரியாதவர்: உங்கள் ஆய்வுக் கேள்வியை ஒரே வாக்கியத்தில் தமிழில் எழுதுங்கள். அதில் 'எப்படி நடக்கிறது' என்று வந்தால் அடிமட்டச் சங்கங்கள், 'யார் கையில்' என்று வந்தால் ஆளுகை, 'இது எந்த வகை' என்று வந்தால் எல்லைகள்.

எதைத் தேர்ந்தாலும் ஒரு வேலையைத் தள்ளிப்போடாதீர்கள். ஆங்கிலத்தில் மாநாட்டுக்கு அனுப்பும் கட்டுரையின் சாரத்தை இரண்டு பக்கம் தமிழில் எழுதி, நீங்கள் ஆராய்ந்த சங்கத்தின் அடுத்த கூட்டத்தில் வாசித்துக் காட்டுங்கள். தவறு இருந்தால் முதலில் சொல்லக்கூடியவர்கள் அவர்கள்தான்.