தெருவா, வளாகமா, மகன் வீடா? ஓய்வுக்குப் பின் நட்பு தேடுவோருக்கு ஒரு வழிகாட்டி

ராஜபாளையத்தில் மில் வேலை பார்த்தவர், ஸ்ரீவில்லிபுத்தூரில் கோர்ட்டிலோ பள்ளிக்கூடத்திலோ வேலை பார்த்தவர், யாராக இருந்தாலும் ஓய்வு பெற்றதும் வீட்டில் ஒரே பேச்சுதான். பிள்ளைகள் சென்னையிலும் பெங்களூருவிலும் கடல் கடந்தும் இருக்கிறார்கள். சொந்த வீட்டிலேயே இருந்துவிடுவதா, கோயம்புத்தூர்ப் பக்கம் வரிசையாக வந்திருக்கும் மூத்தோர் குடியிருப்பு ஒன்றில் வீடு வாங்குவதா, மகன் வீட்டுக்குப் போய்விடுவதா? ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம், தண்ணீர் எப்படி, லிஃப்ட் உண்டா, மாதச் செலவு எவ்வளவு என்று குடும்பமே கூடி விசாரிக்கிறது. அங்கே அப்பா யாரோடு பேசுவார், அம்மாவுக்குத் துணை யார் என்று கேட்க மறந்துவிடுகிறது. அந்தக் கேள்வியைத்தான் முதலில் கேட்க வேண்டும் என்பது என் கருத்து. தனிமை உடம்பையே கெடுக்கும் என்று அமெரிக்க அரசின் தலைமை மருத்துவர் 2023இல் தனி அறிக்கையே வெளியிட்டார். நாளொன்றுக்குப் பதினைந்து சிகரெட் வரை புகைப்பதோடு அதன் கேட்டை அந்த அறிக்கை ஒப்பிடுகிறது.

மூன்று வழிகளையும் ஒப்பிட ஓர் அளவுகோல் வேண்டும். கன்சாஸ் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜெஃப்ரி ஹால் 2018இல் வெளியிட்ட ஆய்வு அதற்கு உதவுகிறது. புது ஊருக்குக் குடிபோனவர்களையும் கல்லூரியில் புதிதாகச் சேர்ந்தவர்களையும் அவர் கேட்டறிந்தார். முகம் தெரிந்தவர் என்ற நிலையிலிருந்து ஓரளவு பழகியவர் ஆக ஏறத்தாழ 50 மணி நேரம் ஒன்றாகக் கழித்திருக்க வேண்டும், நண்பர் ஆக 90 மணி நேரம், நெருங்கிய நண்பர் ஆக 200 மணி நேரத்துக்கு மேல் என்று அதில் தெரியவந்தது. அவர் ஆராய்ந்தது முதியவர்களை அல்ல. ஆனாலும் கணக்கு நமக்குப் பயன்படும். தினமும் ஒரு மணி நேரம் சேர்ந்து நடப்பவர்கள் ஏழு மாதத்துக்குள் 200 மணி நேரத்தைத் தொட்டுவிடுவார்கள். வாரம் ஒருமுறை ஒன்றரை மணி நேரம் கூடுபவர்களுக்கு இரண்டரை வருடம் ஆகும். மாதம் ஒருமுறை இரண்டு மணி நேரக் கூட்டம் என்றால் எட்டு வருடத்துக்கு மேல். அறுபத்தெட்டு வயதில் எட்டு வருடம் காத்திருக்க முடியாது. ஆகவே எந்த இடத்தைப் பார்த்தாலும், தினமும் அதே ஆட்களை அதே நேரத்தில் சந்திக்க வழியிருக்கிறதா என்று பாருங்கள். நீச்சல் குளமும் பொழுதுபோக்கு அரங்கமும் அதற்குப் பிறகுதான்.

சொந்த ஊரில் தங்குவோருக்கு இந்த மணி நேரங்கள் ஏற்கெனவே சேர்ந்து கிடக்கின்றன. மில்லில் முப்பது வருடம் ஒரே ஷிப்டில் நின்றவர்கள் அதே ஊரில்தான் இருக்கிறார்கள். பக்கத்து வீட்டுக்காரரிடம் நாற்பது வருடப் பழக்கம். மற்ற இரண்டு வழிகளிலும் இந்தக் கையிருப்பைக் கரைத்துவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். ஆனால் சொந்த ஊர் என்பதாலேயே நட்பு தானாக நீடிக்கும் என்றும் இருந்துவிடக் கூடாது. ஷிப்ட் முடிந்த மறுநாளே அந்தத் தினசரிச் சந்திப்பும் நின்றுபோகிறது. ஓய்வு பெற்ற முதல் ஆறு மாதத்துக்குள் அதற்கு ஈடாக இன்னொரு தினசரிச் சந்திப்பை அமைத்துக்கொள்ளாதவர் வீட்டுக்குள்ளேயே சுருங்கிப்போவதை ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் இரண்டு ஊர்களிலும் பார்த்திருக்கிறேன்.

ஏறத்தாழ பன்னிரண்டு கிலோமீட்டர்தான் இடைவெளி என்றாலும், பழகும் வாய்ப்பில் இரண்டு ஊரும் ஒன்றல்ல.

ஸ்ரீவில்லிபுத்தூர் சிறிய ஊர். 2011 கணக்கெடுப்பில் சுமார் 75,000 பேர். ஊரின் வாழ்க்கை ஆண்டாள் கோயிலையும் ரத வீதிகளையும் சுற்றியே இருக்கிறது. 192 அடி ராஜகோபுரத்தை எந்தத் தெருவிலிருந்தும் பார்க்கலாம். முதியவர்களுக்கு இந்த ஊர் கொடுப்பது கோயிலின் நாள்முறை. காலையில் போனால் அதே முகங்கள், சாயங்காலம் போனால் அதே முகங்கள். மார்கழியில் முப்பது நாளும் விடியலில் திருப்பாவை, எண்ணெய்க் காப்பு உற்சவம். ஆடியில் பூரத் தேர். புரட்டாசிச் சனிக்கிழமைகளில் ஊருக்கு வெளியே மலைமேல் இருக்கும் திருவண்ணாமலை ஸ்ரீனிவாசப் பெருமாள் கோயிலுக்குக் கூட்டம் கூட்டமாய்ப் போவார்கள். பக்தி குறைந்தவருக்கும் இதில் இடமுண்டு. திருமுக்குளக் கரையிலும் மண்டபத் தூணடியிலும் உட்கார்ந்து பேச யாரும் காசு கேட்பதில்லை. மார்கழி மாதம் முழுக்க ஒரே கோஷ்டியில் நின்று பாடிய இரண்டு பேர், தை பிறக்கும்போது ஒருவர் வீட்டு வியாதி இன்னொருவருக்குத் தெரிந்தவர்களாகிவிடுகிறார்கள்.

கோயில் வேண்டாம் என்பவருக்கு 1875இல் தொடங்கிய பென்னிங்டன் நூலகம் இருக்கிறது. தமிழ்நாட்டின் பழைய பொது நூலகங்களில் ஒன்று. மாவட்ட நீதிமன்றம் இந்த ஊரில் இருப்பதால் ஓய்வு பெற்ற வக்கீல்களும் கோர்ட் ஊழியர்களும் நிறைய. பத்திரிகை வாசித்துவிட்டு அதைப் பற்றி வாதாட ஆள் கிடைக்கும். ஆனால் நூலகத்தில் நட்பு தானாக அமையாது. அங்கே எல்லாரும் வாய்மூடி இருப்பார்கள். வெளியே வந்து ஒரு டீக்கடையில் பத்து நிமிடம் நிற்பதையும் வழக்கமாக்கிக்கொண்டால்தான் பலன்.

ராஜபாளையம் பெரிய ஊர், தொழில் ஊர். 2011இல் 1,30,000 பேர். 1930களில் பி.ஏ.சி. ராமசாமி ராஜா மில் தொடங்கியதிலிருந்து இந்த ஊர் ஷிப்டுக்குப் பழகிய ஊர். ராஜு சமூகத்தாரிடையே கோட்டை, சாவடி என்று பழைய அமைப்பு உண்டு. கல்யாணம், சாவு, பஞ்சாயத்து, திருவிழா எல்லாவற்றுக்கும் சாவடியில் கூடுவார்கள். அதற்குள் பிறந்தவர் முதுமையில் தனித்துவிடப்படுவது அரிது. வெளியிலிருந்து வந்து குடியேறியவருக்கு, அல்லது வேறு சமூகத்தவருக்கு, அந்தக் கதவு அவ்வளவு எளிதில் திறக்காது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். அவர்கள் எல்லாருக்கும் பொதுவான இடங்களைத் தேட வேண்டும். காலை நடை, கூடைப்பந்து மைதானத்து ஓரம், மனவளக்கலை மன்றம், வாசகர் கூட்டம், அரிமா, ரோட்டரி சங்கங்கள்.

இலக்கியத்தில் ஈடுபாடு உள்ளவருக்கு ராஜபாளையம் நல்ல மண். சென்னை மாகாண முதல்வராக 1949 முதல் 1952 வரை இருந்த பி.எஸ். குமாரசாமி ராஜா தம் வீட்டையே காந்தி கலை மன்றத்துக்குக் கொடுத்தவர். பன்மொழி அறிஞர் மு.கு. ஜகந்நாத ராஜா இங்கே மணிமேகலை மன்றத்தை நிறுவினார். ஆண்டாளின் கதையைச் சொல்லும் கிருஷ்ணதேவராயரின் தெலுங்குக் காவியம் ஆமுக்தமால்யதாவைத் தமிழாக்கியவர் அவர். பக்கத்து ஊர்ப் பெண்ணின் கதையைத் தம் வீட்டு மொழியிலிருந்து ஊர் மொழிக்குக் கொண்டுவந்திருக்கிறார். வயது போனபின் சேர்ந்து வாசிப்பதற்கு இதைவிடப் பொருத்தமான நூல் இந்த இரண்டு ஊர்க்காரர்களுக்குக் கிடைக்காது. நாலு பேர் சேர்ந்து வாரம் மூன்று நாள் ஒருவர் வீட்டு மாடியில் வாசித்தாலே அது ஒரு மன்றம்தான்.

ஓய்வூதியர் சங்கத்தைப் பற்றித் தனியாக ஒரு வார்த்தை. பென்சன் கணக்கு, கருவூல நேர்காணல், மருத்துவக் காப்பீடு ஆகியவற்றுக்கு அதைப் போல் உதவி வேறில்லை. கட்டாயம் உறுப்பினராக இருங்கள். நட்புக்கு அதை மட்டும் நம்ப வேண்டாம். மாதக் கூட்டத்தின் கணக்கை மேலே சொல்லிவிட்டேன். கூட்டத்தில் நாற்காலி போடும் பொறுப்பையோ சந்தா வசூலையோ ஏற்றுக்கொண்டால் கதை மாறும். சந்தாவுக்காக வீடு வீடாகப் போகிறவருக்கு ஊர் முழுக்க நண்பர்கள்.

அடுத்தது வளாகம். ஓய்வு பெற்றவர்களுக்கென்றே ஊர் கட்டும் எண்ணம் 1960இல் அமெரிக்காவின் அரிசோனாவில் திறக்கப்பட்ட சன் சிட்டியால் உலகெங்கும் பரவியது. தமிழ்நாட்டில் அதன் தலைநகரம் கோயம்புத்தூர். தட்பவெப்பமும் ஆஸ்பத்திரிகளும் அதற்குக் காரணம். நட்பைப் பொறுத்தவரை இந்த வளாகங்களின் பெரிய பலம் பொதுச் சாப்பாட்டுக் கூடம். மூன்று வேளையும் சேர்ந்து சாப்பிடுகிறவர்கள் நாளுக்கு ஒன்றரை மணி நேரம் பேசுகிறார்கள் என்று வைத்தால், நாலரை மாதத்தில் 200 மணி நேரம். சொந்தத் தெருவில்கூட இவ்வளவு வேகம் கிடையாது. துணையை இழந்தவர், பிள்ளைகள் வெளிநாட்டில் இருப்பவர், ஊரில் பழகிய தலைமுறை போய்விட்டவர் ஆகியோருக்கு இது உண்மையிலேயே நல்ல வழி. முதியோர் இல்லம் என்று உறவினர் முகம் சுளிப்பதைப் பொருட்படுத்த வேண்டாம்.

வாங்குமுன் ஒரு வாரமாவது விருந்தினர் அறையில் தங்கிப் பாருங்கள். தரகரோடு சுற்றிப் பார்ப்பதில் ஒன்றும் தெரியாது. தங்கும்போது கவனிக்க வேண்டியவை: சாப்பாட்டுக் கூடத்தில் எத்தனை பேர் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள், எத்தனை பேர் கேரியரில் வாங்கிக்கொண்டு அறைக்குப் போய்விடுகிறார்கள்? மேஜையில் என்ன மொழி பேசுகிறார்கள்? தமிழும் தெலுங்கும் பேசி வளர்ந்த அம்மாவுக்கு ஆங்கிலமும் இந்தியும் ஓடும் மேஜையில் பேச வாய் வராது. பஜனையையும் சீட்டாட்டத்தையும் குடியிருப்போரே நடத்துகிறார்களா, மேனேஜர் அட்டவணை போட்டு நடத்துகிறாரா? குடியிருப்போர் நடத்தும் இடத்தில்தான் புதியவருக்கு ஒரு வேலை கிடைக்கும், வேலையிருந்தால்தான் நட்பு. இன்னொன்று, படுக்கையில் விழுந்தவரை எங்கே வைக்கிறார்கள்? வேறு கட்டடத்துக்கோ வேறு ஊருக்கோ அனுப்பிவிட்டால், நண்பர்கள் மிக அதிகமாகத் தேவைப்படும் நாளில் அவர்கள் பக்கத்தில் இருக்க மாட்டார்கள்.

எல்லாரும் ஒரே வயதுக்காரர்கள் என்பதுதான் வளாகத்தின் குறை. ஐந்து வருடத்தில் மேஜையில் காலி நாற்காலிகள் கூடும். தெருவில் பத்து வயதுப் பையனும் பூக்காரம்மாவும் பால்காரரும் உண்டு. அந்தப் பலதரப்பட்ட பழக்கத்தை எந்த மெஸ்ஸும் ஈடுசெய்யாது. ராஜபாளையத்திலிருந்து கோயம்புத்தூர் ஐந்தாறு மணி நேரப் பயணம். பழைய நண்பர் ஒருமுறை வந்து பார்ப்பார், இரண்டாம் முறை போனில் பேசிக்கொள்வார்.

மகன் வீட்டைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பேரப்பிள்ளையை ஸ்கூல் வேனில் ஏற்றும் இடத்தில் மற்ற தாத்தா பாட்டிகளைச் சந்திப்பது ஒன்றே அங்கே கிடைக்கும் தினசரி வாய்ப்பு. அதை விடாமல் பிடித்துக்கொள்ளுங்கள். ஆறு மாதம் அங்கே, ஆறு மாதம் இங்கே என்று போய்வருவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். இரண்டு பக்கமும் நீங்கள் விருந்தாளியாகிவிடுவீர்கள். வருடத்தில் ஒன்பது மாதமாவது ஓரிடத்தில் இருங்கள்.

இந்த முடிவை வீட்டில் பெரும்பாலும் ஆண்கள் எடுக்கிறார்கள், இழப்பு பெண்களுக்கு அதிகம். ஆணுக்கு டீக்கடை, சாவடி, சங்கம், நடைப்பாதை என்று வெளியே இடங்கள் உண்டு. எழுபது வயதுப் பெண்ணின் நட்பெல்லாம் வாசலில் இருக்கிறது: கோலம் போடும்போது, பூ கட்டும்போது, சாயங்காலம் திண்ணையில். வீடு மாறினால் அது அப்படியே அறுந்துபோகும். ஆகவே அம்மாவிடம் தனியாகக் கேளுங்கள், அப்பா பக்கத்தில் இல்லாதபோது. தனியாகிவிட்ட பெண்ணுக்கு இந்த இரண்டு ஊரில் எது என்று கேட்டால், ஸ்ரீவில்லிபுத்தூரில் கோயிலுக்கு நடக்கிற தூரத்தில் ஒரு வாடகை வீடு என்பேன். ஒரு பெண் தனியாகப் போய் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தாலும் யாரும் ஏன் என்று கேட்காத இடம் கோயில். 2021 மே முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பதால், பழைய தோழிகளைப் பார்க்கவும் செலவு தடையாக இராது.

எந்த வழியானாலும் முதலில் காதைச் சோதித்துவிடுங்கள். கேட்கும் திறன் குறைந்தவர் கூட்டத்தில் பேச்சைத் தொடர முடியாமல் மெல்ல ஒதுங்கிவிடுகிறார். வீட்டார் அதை மறதி என்றும் கோபம் என்றும் நினைக்கிறார்கள். அடுத்தது முழங்கால். பத்து நிமிட நடைக்கு மேல் இருக்கும் எந்த இடமும் இரண்டு வருடத்தில் கைவிட்டுப் போகும்.

என் முடிவு இது. கணவன் மனைவி இருவரும் இருந்து, நடக்க முடிந்து, சமைக்கவோ ஆள் வைக்கவோ வழியிருந்தால் சொந்தத் தெருவை விட வேண்டாம். தனியாகிவிட்டவர், பிள்ளைகள் தொலைவில் இருப்பவர், வளாகத்துக்குப் போவதானால் எழுபதுக்கு முன்பே போகட்டும். புதிய முகங்களோடு பேசிப் பழகத் தெம்பு இருக்கும்போதே போக வேண்டும், விழுந்தபின் போய்ப் பயனில்லை. மகன் வீடு உடல்நிலை கட்டாயப்படுத்தும்போது மட்டும். எங்கே போனாலும் முதல் ஒரு வருடத்துக்கு ராஜபாளையத்து வீட்டையோ ஸ்ரீவில்லிபுத்தூர் வீட்டையோ விற்காதீர்கள், பிள்ளைகள் பேருக்கும் எழுதிவைக்காதீர்கள். பூட்டி வையுங்கள், அல்லது ஒரு பகுதியை வாடகைக்கு விடுங்கள். இதையெல்லாம் பேச வீட்டில் ஆள் இல்லையென்றால், மூத்த குடிமக்களுக்கான அரசு உதவி எண் 14567 இருக்கிறது. காலை 8 மணி முதல் இரவு 8 மணி வரை வாரத்தின் ஏழு நாளும் பேசலாம், கட்டணம் இல்லை.