படுத்துக்கிடுதேன் – மே அக்வெஸ்தோ: வீட்டிலேயே ஸ்பானிஷ் வினை பழகச் சில குறிப்புகள்

நீங்களோ உங்கள் பிள்ளைகளோ ஸ்பானிஷ் படிக்கத் தொடங்கினால், காலையில் எழுவது, உடுத்துவது, இரவில் படுப்பது என்று அன்றாட வேலைகளைச் சொல்லும் பாடத்தில்தான் முதல் தடுமாற்றம் வரும். வினைக்கு முன்னால் ‘மே’, ‘தே’, ‘செ’ என்று ஒரு சிறு சொல் வந்து நிற்கும். போதாததற்கு வினையின் நடுவிலுள்ள உயிரொலியும் மாறும். நெல்லைப் பேச்சு பழகிய வாய்க்கு இதைப் பிடிக்க நல்ல வழி இருக்கிறது.

1. அகராதியில் வினையின் கடைசியில் ‘செ’ இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ‘அகொஸ்தார்’ என்றால் இன்னொருவரைப் படுக்க வைப்பது. ‘அகொஸ்தார்செ’ என்றால் தானே படுத்துக்கொள்வது. பிள்ளையைப் படுக்கப் போடும் அம்மா ‘அக்வெஸ்தோ அல் நீன்யோ’ என்பாள். அவளே படுக்கும்போது ‘மே அக்வெஸ்தோ’. நாம் ‘படுத்துக்கிடுதேன்’ என்கிறோமே, அந்தக் ‘கிடு’வின் வேலையைத்தான் ‘மே’ செய்கிறது. நமக்கு அது வினைக்குப் பின்னால் வரும், அவர்களுக்கு முன்னால்.

2. தினசரி காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கம் இதை எழுதுங்கள்: நான் – மே அக்வெஸ்தோ, நீ – தே அக்வெஸ்தாஸ், அவன், அவள் – செ அக்வெஸ்தா, நாங்கள் – நோஸ் அகொஸ்தாமோஸ், அவர்கள் – செ அக்வெஸ்தான். ‘நாங்கள்’ மட்டும் ஏன் மாறவில்லை? அழுத்தம்தான் காரணம். இந்த வகை வினையின் அடியில் அழுத்தம் விழுந்தால் ‘ஒ’ என்பது ‘உவெ’ ஆகும். அழுத்தம் விகுதிக்கு நகர்ந்துவிட்டால் பழைய ‘ஒ’ அப்படியே இருக்கும். அழுத்தம் விழும் அசையில் கை தட்டிச் சொல்லுங்கள்: அக்-வெஸ்-தோவில் நடுவில் தட்டு, அகொஸ்-தா-மோஸில் ‘தா’வில் தட்டு. பட்டியலை மனப்பாடம் செய்வதைவிட இந்தத் தட்டு நெடுநாள் நிற்கும். ஸ்பெயினில் ‘நீங்கள் எல்லோரும்’ என்பதற்கு ‘ஓஸ் அகொஸ்தாய்ஸ்’ என்று இன்னொரு வடிவமும் உண்டு. தென் அமெரிக்காவில் அது வழக்கில் இல்லை, தொடக்கத்தில் விட்டுவிடலாம்.

3. வேலை நடக்கும் இடத்திலேயே சீட்டு ஒட்டுங்கள். அலாரம் கடிகாரத்தில் ‘மே தெஸ்பியெர்தோ’, அதாவது விழிக்கிறேன். பீரோக் கதவில் ‘மே விஸ்தோ’, உடுத்துகிறேன். பத்தமடைப் பாயைச் சுருட்டி வைக்கும் மூலையில் ‘மே அக்வெஸ்தோ’. எ என்பது இயெ ஆவது, எ என்பது இ ஆவது, ஒ என்பது உவெ ஆவது என மூன்று மாற்றமும் இந்த மூன்று சீட்டில் அடங்கிவிடும். ‘நாங்கள்’ வடிவத்தைச் சீட்டின் பின்புறம் எழுதுங்கள்: நோஸ் தெஸ்பெர்தாமோஸ், நோஸ் வெஸ்தீமோஸ், நோஸ் அகொஸ்தாமோஸ்.

4. உடம்பையும் உடையையும் பற்றிப் பேசும்போது ‘என்’ தேவையில்லை. ‘சட்டை போட்டுக்கிடுதேன்’ என்போம். ‘என் சட்டையை’ என்று யாரும் இழுப்பதில்லை. ஸ்பானிஷும் அப்படியே: ‘மே போங்கோ லா கமீஸா’. ஆங்கிலம் வழியாக யோசிக்கும் பிள்ளைகள்தான் இங்கே ‘மி கமீஸா’ என்று தவறுவார்கள். தமிழ் வழியாகவே யோசிக்கச் சொல்லுங்கள். இந்தப் ‘போனெர்செ’யில் ‘நான்’ வடிவம் ஒன்றுதான் முறை தவறியது. மற்றவை தே போனெஸ், செ போனே என்று நேராகப் போகும்.

5. அதற்காகக் ‘கிடு’ வருகிற இடத்திலெல்லாம் ‘மே’ போட்டுவிடாதீர்கள். ‘கத்துக்கிடுதேன்’ என்பதற்கு வெறும் ‘அப்ரெந்தோ’தான். மறுபக்கம், ‘எந்திக்கேன்’ என்பதில் நமக்குக் கிடு இல்லை. அவர்களுக்கோ ‘மே லெவாந்தோ’. இப்படி ஒத்துவராதவற்றைத் தனித்தாளில் சேர்த்து வாருங்கள்.

6. ‘மே சியென்தோ’ என்றால் உட்காருகிறேன் என்றும் பொருள், உணர்கிறேன் என்றும் பொருள். ‘நீ’ வடிவத்தைக் கேட்டால் பிரிந்துவிடும்: தே சியென்தாஸ் என்றால் உட்காருகிறாய், தே சியென்தெஸ் என்றால் உணர்கிறாய்.

7. பெரியவர்களிடம் ‘நீங்கள்’ என்று பேச ‘உஸ்தெத்’ என்ற சொல் உண்டு. அதற்கு ‘அவர்’ வடிவத்தையே போட வேண்டும்: உஸ்தெத் செ அக்வெஸ்தா. ‘தே’ போட்டால் மரியாதை குறையும்.

8. உச்சரிப்பில் தமிழ் ‘த’வை நம்புங்கள், ஸ்பானிஷ் ஒலியும் பல்லில் நாக்கு பட்டே வரும், ‘ட’ ஆக்கிவிடாதீர்கள். ‘வ’ சொல்லும்போது ஆங்கிலத்துக்குச் செய்வதுபோல் கீழுதட்டைப் பல்லால் கடிக்க வேண்டாம்.

9. வாய்விட்டு, தினமும் இரண்டு வேளை சொல்லுங்கள். இன்று ஸ்பெயினில் இருக்கும் நவார்ராவில் பிறந்த சவேரியார் 1542இல் முத்துக்குளித்துறைக்கு வந்தார். தமிழும் அவருடைய மொழியும் தெரிந்தவர்களைக் கொண்டு ஜெபங்களை மொழிபெயர்த்து, அவற்றை மனப்பாடம் செய்தார். கையில் மணியோடு ஊரைச் சுற்றி ஆட்களைக் கூட்டி நாளுக்கு இருமுறை சொல்லிக்கொடுத்ததை 1544 ஜனவரியில் எழுதிய கடிதத்தில் அவரே சொல்கிறார். ஆனால் மனப்பாடம் மட்டும் போதாது. அவருக்குப் பின் தாமிரபரணி கடலில் சேரும் புன்னைக்காயலில் இருந்து உழைத்த போர்த்துக்கீசியர் ஹென்றிக்கே ஹென்றிக்கஸ், நம் அண்டிரிக் அடிகளார், 1549 வாக்கில் தமிழ் இலக்கணம் ஒன்றைப் போர்த்துக்கீசிய மொழியில் எழுதினார். தமிழ் வினைகளைக் காலவாரியாக அடுக்கி, தன் மொழிக்காரருக்குப் புரியும்படி விளக்கினார். அதன் கையெழுத்துப் படி லிஸ்பன் தேசிய நூலகத்தில் இருக்கிறது. ஸ்பானிஷுக்கு நெருங்கிய உறவுள்ள மொழியிலிருந்து தமிழுக்கு அவர் நடந்த அதே பாதையில், நீங்கள் எதிர்த்திசையில் நடக்கிறீர்கள். தன் மொழியோடு ஒப்பிட்டு அட்டவணை போடுவது அவருக்குக் கைகொடுத்தது, உங்களுக்கும் கொடுக்கும்.

10. நிகழ்காலத்தை நாளைக்கும் பயன்படுத்தலாம். ‘நாளைக்கு நெல்லை எக்ஸ்பிரஸ்ல போறேன்’ என்பதுபோல ‘மான்யானா மே வோய்’ என்று சொல்லலாம். ‘இர்செ’ என்ற இந்த வினை ரொம்பவே முறை தவறியது: மே வோய், தே வாஸ், செ வா, நோஸ் வாமோஸ், செ வான். ‘மே’ இல்லாத ‘வோய்’ ஓரிடத்துக்குப் போவதைச் சொல்லும். ‘மே வோய்’ இங்கிருந்து கிளம்புவதைச் சொல்லும். அடுப்படியிலிருந்து கூப்பிட்டால் நாம் ‘இந்தா வாரேன்’ என்போம். அவர்கள் ‘யா வோய்’ என்பார்கள்.

11. இரண்டு வினை சேர்ந்தால் சிறுசொல்லைப் பின்னால் ஒட்டலாம்: ‘வோய் ஆ அகொஸ்தார்மே’, படுக்கப் போகிறேன். அங்கே ‘செ’யை ‘மே’யாக மாற்ற மறக்காதீர்கள், இரவு விளக்கை அணைக்கும்முன் பிள்ளைகளை இதையே ‘நீ’க்கும் ‘நாங்க’ளுக்கும் மாற்றிச் சொல்லச் சொல்லுங்கள்: வாஸ் ஆ அகொஸ்தார்தே, வாமோஸ் ஆ அகொஸ்தார்னோஸ்.