முதற் சீடரின் விசுவாசமும் பெத்சாயிதாக் குருடனும்

முதற் சீடர்கள் எல்லாவற்றையும் விளங்கிக்கொண்ட பின்னரே ஆண்டவரைப் பின்சென்றார்கள் என்று எண்ணுவோர் நம்மிடையே பலர். மாற்கு நற்செய்தியை ஒரே இருப்பில் வாசிப்போர்க்கு அவ்வெண்ணம் நிலைக்காது.

கலிலேயாக் கடலோரத்தில் சீமோனும் பெலவேந்திரரும் வலை வீசிக்கொண்டிருந்தனர். யாகப்பரும் அருளப்பரும் வள்ளத்திலிருந்து வலைகளைச் சீர்செய்துகொண்டிருந்தனர். அழைப்புக் கேட்டதும் எழுந்து சென்றார்கள். (செபெதேயுவிடம் கூலியாட்களும் இருந்தனர் என்கிறார் மாற்கு. ஆகவே, விட்டுச்செல்ல ஏதுமற்றவர்களே யேசுவின் பின் போனார்கள் என்று சொல்வதற்கில்லை.) ஆனால், அழைத்தவர் யார் என்பது அவர்களுக்கு அப்போது தெளிவில்லை. புயலை அவர் அடக்கிய பின்பும், இவர் யாரோ என்று தமக்குள் பேசிக்கொள்கிறார்கள். அப்பம் பலுகியதை இருமுறை நேரிற் கண்டவர்கள், வள்ளத்தில் ஓர் அப்பந்தானே இருக்கிறது என்று கலங்குகிறார்கள்! கண்ணிருந்தும் காண்பதில்லையா என்று ஆண்டவரே அவர்களைக் கேட்கவேண்டியதாயிற்று.

இதனை அடுத்து மாற்கு, மற்ற மூன்று நற்செய்திகளிலும் காணப்படாத ஒரு புதுமையைக் கூறுகிறார். பெத்சாயிதாவில் ஒரு குருடன். யேசு அவன்மேல் கை வைத்ததும் பார்வை வருகிறது. ஆயினும் மனிதர்கள் நடமாடும் மரங்களைப்போல் தெரிகிறார்கள். மீண்டும் கை வைத்த பின்னரே எல்லாம் தெளிவாகிறது. முதல் முறை ஆண்டவரின் வல்லமை போதாமற் போயிற்றா? அப்படியன்று. அடுத்த வசனத்திலேயே விளக்கம் தொடங்குகிறது.

பிலிப்புச் செசரேயாப் பக்கத்து ஊர்களுக்குப் போகும் வழியில், யேசுவே மெசியா என்று இராயப்பர் அறிக்கையிடுகிறார். கண் திறந்தாயிற்று. ஆனால், மனுமகன் பாடுபட்டுக் கொல்லப்படவேண்டும் என்று கேட்டதும், ஆண்டவரைத் தனியே அழைத்துக் கடிந்துகொள்கிறார். மெசியாவைக் கண்டவருக்குச் சிலுவை தெரியவில்லை. பாதிப் பார்வை!

அப்போது அவர் வாங்கிய கண்டனத்தில் சாத்தான் என்ற சொல்லே நம் காதில் உறைக்கிறது. கூடவே வரும் சொற்களையும் கவனிக்கவேண்டும். கிரேக்க மூலத்தில் அவை 'ஒப்பிசோ மூ', அதாவது எனக்குப் பின்னால். கடலோரத்தில் சீமோனை முதன்முதல் அழைத்தபோதும் இதே சொற்கள்தாம் வருகின்றன. சில மொழிபெயர்ப்புகளில் இந்தத் தொடர்பு மறைந்துவிடுகிறது. இராயப்பர் வழிகாட்ட முந்திக்கொண்டு முன்னே வந்துவிட்டார். சீடனின் இடத்துக்குத் திரும்பும்படி அவருக்குச் சொல்லப்படுகிறது. கண்டனந்தான், ஆனால் அதற்குள்ளேயே பழைய அழைப்பும் இருக்கிறது. பின்னர் அவர் மறுதலித்தார். ஆயினும் கல்லறையில் பெண்களிடம் கொடுக்கப்பட்ட செய்தி, சீடரோடு இராயப்பரையும் பெயர் சொல்லியே அழைத்தது.

வளர்ந்த மகனோ மகளோ விசுவாசத்தைப் பற்றிக் கேள்வி கேட்டால், பிள்ளை கெட்டுவிட்டது என்று அஞ்சி வாயடைக்கும் பெற்றோர் இருக்கிறார்கள். அந்தக் கேள்வி, முதல் தொடுகைக்கும் இரண்டாம் தொடுகைக்கும் இடைப்பட்டதாக இருக்கலாமல்லவா? இவ்வாரம் குடும்பச் செபவேளையில் மாற்கு 8ஆம் அதிகாரத்தை 14ஆம் வசனம் முதல் 33ஆம் வசனம் வரை நிறுத்தி வாசியுங்கள். பிள்ளைகளையே வாசிக்க விடுங்கள்.